அணை கரைந்த கதை

சென்ற மாதம் பேரன் வந்து நின்றான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மேட்டூர் அணை மாடல் செய்ய வேண்டுமாம். நான் முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஆண்டு விழா நாடகங்களுக்குக் கிரீடம், கேடயம், கதாயுதம் எல்லாம் செய்து கொடுத்தவன். "இது ஒரு வேலையாடா? வா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்டேஷனரி கடையில், பழக்க தோஷம், தெர்மகோல் அட்டைதான் கேட்டேன். 16 கண் மதகை பிளேடால் வெட்டும்போதே உதிர ஆரம்பித்தது. வீடெங்கும் வெள்ளை மணிகள். மருமகள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபெவிகால் காய நேரமாகுமே என்று, செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசையைத் தடவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் குரல் கேட்டது: "தாத்தா, அணை கரைஞ்சு போச்சு!"

அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். ஸ்ப்ரே பெயிண்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான். எத்தனையோ மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த நானே அவசரத்தில் மறந்துவிட்டேன். 1934-இல் கட்டி முடித்த அணை இன்றும் நிற்கிறது. என் அணை ஒரு மணி நேரம் தாங்கவில்லை. பேரன் கோபப்படவில்லை. "பரவால்ல தாத்தா, வாத்தியார்கிட்ட சொல்லிக்கறேன்" என்றான். அதுதான் சுருக்கென்றது.

இரவெல்லாம் யோசித்ததில் தோன்றியதைச் சொல்கிறேன். எடை குறைவு, விலை குறைவு என்ற இரண்டை மட்டும் பார்த்து ஷீட் வாங்குவது தவறு. எதை வைத்து ஒட்டப் போகிறோம், தண்ணீர் படுமா, யார் கையில் எடுத்துப் போவார்கள், கண்காட்சி முடிந்ததும் எங்கே போகும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போய் சன்போர்டு வெட்டுத்துண்டுகள் கேட்டேன். நுரைத்த பி.வி.சி. அட்டை அது. முழு ஷீட் தெர்மகோலைவிட விலை கூடுதல்; துண்டுகள் மலிவாகவே கிடைத்தன. சுவருக்கு 5 மி.மீ., வளைவுகளுக்கு 3 மி.மீ. இரும்பு ஸ்கேலை வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தாமல் மூன்று நான்கு முறை மெதுவாகக் கோடிழுத்தால் விளிம்பு சுத்தமாக வரும். மஞ்சள் பசை இதை ஒன்றும் செய்யாது. மூட்டுகளில் மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கான் தடவினோம். ஒரு நாள் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

நாடகச் சாமான்களுக்கு வேறு கணக்கு. கதாயுதம் எதிரில் நிற்கும் பையன் தலையில் படத்தான் செய்யும். அதற்கு, செருப்பு அடிப்பாகம் செய்யும் இ.வி.ஏ. ஃபோம் ஷீட்தான் நல்லது, மெத்தென்று இருக்கும். அக்ரிலிக் பளபளக்கும், ஆனால் கனம். உடைந்தால் விளிம்பு கிழிக்கும். விளம்பரப் பலகைக்கு வரும் நெளிவு பிளாஸ்டிக் ஷீட் உறுதியானது, ஆனால் சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. துளையிட்டுக் கட்டத்தான் வேண்டும்.

"எல்லாமே பிளாஸ்டிக்தானே சார்?" என்பீர்கள். நியாயம். தண்ணீர் படாத மாடலுக்குப் பழைய அட்டைப்பெட்டியும் காகிதக்கூழும் போதும்; முதல் இடம் அவற்றுக்குத்தான். பிளாஸ்டிக் வாங்கினால் பல வருடம் உழைப்பதாக வாங்குங்கள். உடைந்த துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலங்காரத் தெர்மகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை இருக்கிறது. இன்னமும் பிள்ளைகளின் டைரியில் "தெர்மகோல் மாடல்" என்று எழுதி அனுப்பலாமா? "மாடல்" என்று மட்டும் எழுதுங்கள். எதில் செய்வது என்று பிள்ளைகளே யோசிக்கட்டும், அதுவும் அறிவியல்தானே.

பேரனின் அணை டவுன் பஸ்ஸில் கூட்டத்தோடு போய், முழுசாகத் திரும்பியும் வந்தது. இப்போது பால்கனியில் நிற்கிறது. தினமும் காலையில் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. கீழே துளசிச் செடிதான் டெல்டா.