ஓட்டுப் போடாதவங்க எல்லாரும் சோம்பேறிகளா? ஒரு இழை

1/ ஒவ்வொரு தேர்தலுக்கு அப்புறமும் ஒரே வசனம்: "லீவு விட்டா ஓட்டுப் போடாம கொடைக்கானல் டூர் போயிடுவானுங்க." 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு. தென்சென்னை, மத்திய சென்னையில சுமார் 54%. கொடைக்கானல் அடங்கிய திண்டுக்கல்ல 71%. திட்டுறதுக்கு வசதியான கணக்குதான். ஆனா மலையில அரசு டாக்டரா இருக்கிற எனக்கு இந்தத் திட்டைக் கேட்டாலே எரிச்சலா வருது. காரணம் சொல்றேன்.

2/ டூர் வந்தவர் ஓட்டை வேண்டாம்னு விட்டவர். தாராளமா திட்டுங்க. அவர் ரூமைக் கூட்டுறவங்க, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவுறவங்க? பல பேருக்கு ஓட்டு சொந்த ஊர்ல, சிலருக்கு வேற மாநிலத்துல. கொடைக்கானலுக்கு ஏப்ரல், மே சீசன். 2019, 2021, 2024 மூணு தேர்தலும் ஏப்ரல்லதான். சீசன்ல ஊருக்குப் போனா, திரும்பி வரும்போது வேலை இருக்குமா?

3/ "சம்பளத்தோட லீவு சட்டத்துலயே இருக்கே டாக்டர்?" இருக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135-பி. தினக்கூலிக்கும் பொருந்தும். மீறுற முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய். சீசன்ல ஒரு ரூமோட ஒரு நாள் வாடகை அதை விட அதிகம்.

4/ அடுத்து எங்க வார்டு. 85 வயசு தாண்டினவங்க, 40% ஊனம் உள்ளவங்க 12-டி படிவம் கொடுத்தா வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குறாங்க. அருமையான ஏற்பாடு. ஆனா முந்தாநாள் சிசேரியன் ஆன பொண்ணுக்கு வழி இல்லை. 2021-ல கோவிட் நோயாளிகளுக்குத் தபால் ஓட்டும் கொடுத்தாங்க, சாவடியில கடைசி ஒரு மணி நேரமும் ஒதுக்கினாங்க. அப்ப முடிஞ்சது இப்ப ஏன் முடியாது?

5/ நம்ம சிஸ்டம் மனசு வச்சா செய்யும். ரோடு இல்லாத வெள்ளகெவிக்குக் குதிரையில ஓட்டு மெஷினை ஏத்திட்டுப் போனவங்க நாம. வெளியூர்ல இருந்தே ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் மெஷினோட மாதிரியை 2022 டிசம்பர்ல ஆணையமே அறிவிச்சது. கட்சிகள் எதிர்த்தன. அதோட கிடப்புல போச்சு.

6/ 2025 டிசம்பர் 19-ல வந்த எஸ்.ஐ.ஆர் வரைவுப் பட்டியல்ல தமிழ்நாட்டுல சுமார் 97 லட்சம் பேர் நீக்கம். இறந்தவங்க பேரை எடுத்தது சரி. ஆனா 66 லட்சத்துக்கும் மேல "இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர்". இடம் மாறினவர் செத்துப் போகலையே? போன இடத்துல அவரைச் சேர்க்கிறது யார் பொறுப்பு? அமெரிக்காவுல பதியற பாரம் பெரும்பாலும் குடிமகன் தலையில. வீடு மாறினா மறுபடி பதியணும். வாடகை வீட்டுக்காரங்கதான் அதுல அதிகம் விடுபடுறாங்க. வீடு தேடி வந்து பேர் எழுதுறது நம்ம பெருமை. அதை விட்டுடக் கூடாது.

7/ ஆக, நான் கேட்கிறது மூணு:
அந்த 500 ரூபாயை உறைக்கிற தொகையா மாத்துங்க.
உள்நோயாளிகளையும் 12-டியில சேர்த்துக்கோங்க.
ஓட்டல், எஸ்டேட், தொழிலாளர் குடியிருப்புகளுக்கே பி.எல்.ஓ வந்து முகாம் நடத்தணும்.

8/ அதுவரைக்கும்: வழக்கமா எங்க குடியிருக்கீங்களோ அங்க ஓட்டுக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. புதுசா சேர படிவம் 6, இடம் மாற படிவம் 8. 17 வயசு முடிஞ்சா முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம்னா 1950-க்குப் போன் பண்ணுங்க.

9/ அடுத்த தடவை கொடைக்கானல் வந்தா, டீ கொண்டு வர்றவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: "அண்ணே, உங்க ஓட்டு எந்த ஊர்ல? கடைசியா எப்பப் போட்டீங்க?" பதிலைக் கேட்டுட்டு, யாரைத் திட்டணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.