ஆறு வருடம் ‘அபி’யாகவே வாழ்ந்த தேவயானி!

இரவு 9 மணி ஆனால் போதும், பல வீடுகளில் அடுப்படி வேலை அப்படியே நின்றுவிடும். சன் டி.வி-யில் ‘கோலங்கள்’ தொடங்கியது 2003 நவம்பரில். முடிந்தது 2009 டிசம்பரில். 1,500 எபிசோடுகளுக்கும் மேல்! அந்த ஆறு வருடமும் தமிழ்க் குடும்பங்களுக்கு தேவயானி என்றால் ‘அபி’தான்.

இத்தனைக்கும் அவர் சினிமாவில் சாதிக்காமல் சின்னத்திரைக்கு வந்தவர் இல்லை. மும்பைப் பெண். 1996-ல் வந்த ‘காதல் கோட்டை’யில், பார்க்காமலே காதலித்த கமலியாக மனதில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடமே ‘சூர்யவம்சம்’. அந்த இட்லி உப்புமாவை யாரால் மறக்க முடியும்?

‘நீ வருவாய் என’ படத்தில் தன்னை இயக்கிய ராஜகுமாரனைக் காதலித்தார். வீட்டில் கடும் எதிர்ப்பு. 2001-ல் திருத்தணி முருகன் கோயிலில் கல்யாணம் முடிந்தது. முன்னணி ஹீரோயின் ஒருவர் மார்க்கெட் இருக்கும்போதே இப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? ‘எத்தனை நாளைக்கு?’ என்று கேட்காத வாய் இல்லை. 2003-ல் கணவர் இயக்கத்தில் சொந்தத் தயாரிப்பாக ‘காதலுடன்’ வந்தது. அந்த வருடக் கடைசியில் ‘கோலங்கள்’.

ஹீரோயின் சீரியலுக்குப் போனால் ‘சினிமா வாய்ப்பு போச்சு’ என்று பேசிய காலம் அது. ‘சித்தி’ மூலம் ராதிகா அந்தப் பேச்சைக் கொஞ்சம் மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

இயக்குநர் திருச்செல்வத்தின் அபி, அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும் நாயகி இல்லை. அப்பா விட்டுப்போன குடும்பத்தைத் தோளில் சுமக்கிறாள். பணத்தாசை பிடித்த கணவன் பாஸ்கரோடு மல்லுக்கட்டுகிறாள். கட்டுமானத் தொழிலில் இறங்கி, ஆதியின் சூழ்ச்சிகளையும் சமாளிக்கிறாள். வேலைக்குப் போகும் பெண்கள் பலர் அவளிடம் தங்களைப் பார்த்தார்கள். ‘அபி மாதிரி இருக்கணும்’ என்று மகளுக்குச் சொன்ன அம்மாக்களும் உண்டு.

சினிமா கேரக்டர் என்றால் சில மாதங்களில் கழற்றி வைத்துவிடலாம். மெகா சீரியலில் அது நடக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை அதே பெண், அதே பிரச்னை, அதே முகம். தேவயானியின் இரண்டு மகள்களும் பிறந்தது இந்த ஆறு வருடத்துக்குள்தான். திரையில் கணவனால் அலைக்கழிந்த அபி, பேக்கப் சொன்னதும் திரும்பியது கைக்குழந்தைகள் காத்திருந்த வீட்டுக்கு! இன்றைக்கு வேலையையும் பிள்ளைகளையும் சேர்த்து இழுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் களைப்பு புரியும்.

பிறகு, பயிற்சி எடுத்துக்கொண்டு சென்னைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகவும் வேலை பார்த்தார். நட்சத்திரங்களில் இதைச் செய்தவர்கள் எத்தனை பேர்? 2013-ல் ராஜகுமாரன் இயக்கிய ‘திருமதி தமிழ்’ படத்தில் அவரோடு ஜோடியாகவே நடித்தார். 2021-ல் ஜீ தமிழின் ‘புதுப்புது அர்த்தங்கள்’ அவரை மறுபடி சீரியலுக்கு அழைத்து வந்தது. ‘எத்தனை நாளைக்கு?’ என்று கேட்கப்பட்ட கல்யாணமோ, கால் நூற்றாண்டைத் தொட்டுவிட்டது.

2025-ல் ‘3 பி.ஹெச்.கே’ படத்தில், ‘சூர்யவம்சம்’ ஜோடியாக சரத்குமாரும் அவரும் மீண்டும் சேர்ந்தார்கள். சீரியலில் ஊருக்கெல்லாம் வீடு கட்டிய அபி, இதில் சொந்த வீட்டுக்காக ஏங்கும் மிடில் கிளாஸ் அம்மா!