பட்டை சேர்த்தா பிடிப்பு வராது சாமி!

மக்களே, திருக்கோவிலூர் பக்கம் பழைய அம்பாசடர் வளைவுல பின்னாடி இழுத்தா ஒரே வைத்தியம்தான்: "ரெண்டு பட்டை சேர்த்துப் போடு!" மன்னிக்கணும், இது வைத்தியம் இல்லை, வினை.

1958 முதல் 2014 வரை தயாரான இந்த வண்டிக்குப் பின்னாடி ஒரே ஆக்சில், ரெண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வளைவில் எடை உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும். உள் டயர் இழக்கிற பிடிப்பை வெளி டயர் முழுசா ஈடுகட்டாது. பின்பக்கத்தை விறைப்பாக்கினா இந்த மாற்றத்தில் பெரும்பங்கு அங்கேயே விழும். கல்வராயன் மலை வளைவு, மழை, காலி வண்டி... பின்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போகும்!

"பட்டை சேர்த்த பிறகு வண்டி சாயறதில்லையே?" என்பார்கள். ஐயா, சாயாமல் போறது வேற, பிடிப்பு வேற! தினமும் லோடு ஏத்துறவர் பட்டை சேர்க்கட்டும். குடும்பத்தோடு போறவருக்கு எதுக்கு?

தேய்ந்த புஷ், செத்த ஷாக் அப்சார்பரை மாத்துங்க. காத்தை அளந்து அடிங்க. நல்ல டயர் ரெண்டையும் பின்னாடி போடுங்க. அப்பவும் போதலைன்னா, முன்பக்கம் ஆன்டி ரோல் பார் போடுங்க; பின் டயர்களுக்கு இடையிலான சுமை வித்தியாசம் குறையும்.

பட்டைக்குக் கொடுக்கிற காசுல டயர் வாங்குங்க சாமி. ரோட்டைத் தொடுறது அதுதான் :-)