கடலரிப்பு: மீனவர் அறிவுக்கு இடம் எங்கே?

புது தில்லி: 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்திய முதன்மை நிலப்பரப்பின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளானதாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்துள்ளது. கேரளத்தில் இது 46.4 சதவீதம், தமிழகத்தில் 42.7 சதவீதம். பாதிப்பின் அளவு தெரிந்துவிட்டது. தீர்வை யாரைக் கேட்டு முடிவு செய்வது என்பதே இப்போதைய கேள்வி.

கடற்கரையை இயற்கை வழியில் காப்பது என்றாலே தில்லியில் அலையாத்திக் காடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. 2023-ல் தொடங்கப்பட்ட 'மிஷ்டி' திட்டத்தின் இலக்கு 540 சதுர கி.மீ. பிச்சாவரத்தின் சேற்றுநிலத்துக்குப் பொருந்தும் இத்தீர்வு, திருவனந்தபுரத்தின் சங்குமுகம், வலியதுறை, பூந்துறை கரைகளுக்குப் பொருந்தாது. அவை திறந்த கடலின் பேரலைகளை நேரே எதிர்கொள்ளும் மணற்கரைகள். அங்கு இயற்கை தந்த அரண் மணல்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொண்டுசெல்லும் மணல், கடல் அமைதியடையும் மாதங்களில் திரும்ப வேண்டும். இந்தப் போக்கைத் தடுப்புச் சுவர்கள் மறித்தால் ஒருபுறம் மணல் சேரும். மறுபுறம் கரை அரிக்கப்படும். கற்சுவர் எழுப்பினால் வீடுகள் சில காலம் தப்பக்கூடும். ஆனால், கரைவலை இழுக்கவும் வள்ளங்களை ஏற்றவும் மணற்பரப்பு மிஞ்சாது.

எந்த மாதம் எந்தக் கரையில் மணல் சேரும், எங்கே கரையும் என்பதைத் தலைமுறைகளாகக் கண்டறிந்தவர்கள் மீனவர்கள். கரையிலுள்ள மலைகளையும் கோபுரங்களையும் அடையாளமாகக் கொண்டு கடலடிப் பார்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கணிப்பவர்கள்.

இந்த அறிவுக்கு ஆய்வில் இடம் வேண்டும் என்பது, 2022-ல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக அவர்கள் நடத்திய போராட்டத்தின்போதும் எழுந்த கோரிக்கை. கடலரிப்பை ஆராய மாநில அரசு அமைத்த நிபுணர் குழுவில் தங்கள் பிரதிநிதி இடம்பெற வேண்டும் என அவர்கள் வலியுறுத்தினர். அது ஏற்கப்படாமலேயே டிசம்பரில் போராட்டம் முடிந்தது. மீனவர் தரப்பு தனியே ஒரு மக்கள் ஆய்வுக் குழுவை அமைத்தது. ஒரே கரைக்கு இரு குழுக்கள்; இரு தரப்பும் ஒருசேர ஏற்கும் ஆய்வு கிடைக்கவில்லை.

மீனவர்களின் அனுபவம் அறிவியலாகிவிடாது என்று வாதிடலாம். அது அளந்து சரிபார்க்கப்பட வேண்டியதே. அதற்கான விஞ்ஞானிகளுக்கும் பஞ்சமில்லை. தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் திருவனந்தபுரம் ஆக்குளத்திலேயே உள்ளது.

2021-26 காலத்தில் அரிப்புத் தடுப்புக்கு ரூ.1,500 கோடியை 15-வது நிதிக்குழு பரிந்துரைத்தது. இனி ஒதுக்கப்படும் நிதிக்கு மத்திய அரசு ஒரு நிபந்தனை விதிக்கலாம்: கரையை அளப்பதில் தொடங்கி, தீர்வைத் தேர்ந்தெடுப்பது வரை மீனவர்கள் உடன் இருக்க வேண்டும். 2017-ல் ஒக்கி புயலுக்குத் திருவனந்தபுரம் மீனவர்களுடன் தன் மக்களையும் பறிகொடுத்தது குமரி மாவட்டம். எனவே, இக்கோரிக்கைக்காகத் தமிழக உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பது அவசியம்.