மன்னாருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை மன்னாரில் அன்றாட வாகனமாக்குவது வீண் சுமை என்பேன். மஸ்டா ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி எஞ்சின் பெற்றோலோடு ஒயிலையும் சிறிது எரிக்கும்படியே அமைக்கப்பட்டது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான்; பெற்றோலை நிறையக் குடிக்கும் அப்படியான கார் பாதி நாள் முற்றத்தில்தான் நின்றிருக்கும். தாழ்ந்த அடித்தட்டுக்கு மணல் ஒழுங்கைகள் ஒத்துவரா. உப்புக்காற்று இரும்பை அரிக்கும். தெருவில் திரியும் கழுதைகளுக்கோ வேகம் எமன். அந்த வாயில்லாச் சீவன்களை நினைத்தாலே மனம் பதறுகிறது.

ஏ14 வீதி நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். உண்மை. ஆனால் அங்கே காருக்குச் சட்டம் தரும் உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதைச் சின்ன ஆல்ட்டோவே எட்டும். ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் பள்ளிக்கும் சந்தைக்கும் வேறொரு வாகனம் வைத்திருங்கள்.