கையெழுத்து டில்லியில், கண்ணீர் திருப்பூரில்!

இந்தியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் பின்னலாடையில் பாதிக்குமேல் திருப்பூர் என்னும் ஒரு நகரத்தின் உழைப்பு. நூல், பின்னல், சாயம், வெட்டு, தையல், செக்கிங், பேக்கிங் என்று பத்துக் கைகளைக் கடந்துதான் ஒரு பனியன் பெட்டிக்குள் படுக்கிறது. அந்தப் பத்துக் கைகளையும் கேளாமல், எங்கோ இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கின்றன, அல்லது முறுக்கிக்கொள்கின்றன. வேலை போவதோ இந்தக் கைகளுக்கு!

2025 ஆகஸ்டு 7 அன்று இந்தியப் பண்டங்கள்மீது 25 விழுக்காடு கூடுதல் வரி போட்டது அமெரிக்கா. ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குகிறது என்று கூறி, இருபதே நாளில் மேலும் 25 சேர்த்தது. ஆக, 50! அந்த வரி பின்னர் ஏறிற்றா, இறங்கிற்றா என்பதன்று நம் வாதம். அடி விழுந்தபோது அது யார் முதுகில் விழுந்தது என்பதே வாதம்.

"வரி போட்டவர் வெள்ளை மாளிகையில் இருக்கிறார், டில்லியை ஏன் சாடுகிறீர்?" என்று கேட்பர் சிலர். நியாயமான கேள்விதான். எவரிடம் எண்ணெய் வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை இந்நாட்டுக்கு உண்டு. அந்நியர் மிரட்டலுக்கு அடிபணிக என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். ஆனால், நாடு நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு விலை உண்டெனில், அந்த விலையை நாடு முழுவதும் பகிர்ந்து தரவேண்டாமா? மார்தட்டுவது டில்லி, மாரடித்து அழுவது திருப்பூர் என்றால், அது என்ன நீதி?

ஒன்றுமே செய்யவில்லையா? செய்தனர். 2025 ஆகஸ்டு 19 முதல், பருத்திக்கான 11 விழுக்காடு இறக்குமதி வரியை நிறுத்திவைத்தனர். நூலாலைக்கு நன்மை, மறுக்கமாட்டோம். ஆனால், கரிசல் மண்ணில் பருத்தி விதைத்தவன், "என் விளைச்சலுக்கு யார் காவல்?" என்று கேட்கமாட்டானா? நவம்பரில், ஏற்றுமதியாளர்கள் பெறும் கடனுக்கு 20,000 கோடி ரூபாய் வரை உறுதி நிற்கும் திட்டம் வந்தது. பனியன் கம்பெனிக்குக் கடன் கிடைக்கும். அங்கே கைமடிக்கும் பெண்ணுக்கு இழந்த ஷிப்டுக் கூலி கிடைக்குமா? முதலாளிக்குத் தவணை, தொழிலாளிக்குத் தவிப்பு!

அந்தப் பெண்ணுக்கு அரசுப் பள்ளியில் படிக்கும் தம்பி ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். அக்காளின் கூலி நின்றாலும் அவன் படிப்பு நிற்கக்கூடாது. அதற்காகவே அரசுப் பள்ளி. அங்கும் நீண்டது டில்லியின் கை! 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் ஒப்பமிடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024–25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தினர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. வணிக ஒப்பந்தத்தில் நம் கையெழுத்தைக் கேட்பதே இல்லை. கல்வி ஒப்பந்தத்திலோ, கையெழுத்தைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை!

இவ்விரு துயரும் இணைந்து வருவது புதிதன்று, தோழர்களே! 1953-ஐ எண்ணிப் பாருங்கள். கைத்தறி நெசவாளர் பட்டினியில் வாடினர். கழகத் தோழர்கள் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அதே ஆண்டில்தான், அரைநாள் பள்ளி, மீதிநாள் அப்பன் தொழில் என்ற திட்டமும் வந்தது. தறியிலே கஞ்சியில்லை, தறியை விட்டு வெளியேறப் படிப்பும் இல்லை! மக்கள் கொதித்தெழுந்தனர், 1954-இல் அத்திட்டம் மாண்டது.

ஏன் மாண்டது? திட்டத்தைப் போட்டதும் சென்னைக் கோட்டை. எடுத்ததும் சென்னைக் கோட்டை. மக்களின் கோபம் எட்டும் தொலைவில் அதிகாரம் இருந்தது. அன்று கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல், நெருக்கடி நிலையின் இருட்டில், 42-ஆவது திருத்தத்தின் வாயிலாக அதைப் பொதுப்பட்டியலுக்குக் கடத்தினர். வெளிநாட்டு வணிகமோ தொடக்கம் முதலே ஒன்றியப் பட்டியலில். பிற நாட்டோடு செய்யும் ஒப்பந்தத்துக்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை என்பதே இங்குள்ள முறை!

"மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாடு நடக்குமா?" என்பர். 2016-இல், ஐரோப்பிய ஒன்றியம் கனடாவுடன் செய்யவிருந்த வணிக ஒப்பந்தத்தை, பெல்ஜியம் நாட்டின் வலோனியா என்னும் பகுதியின் சட்டமன்றம் 'நில்!' என்று நிறுத்திற்று. அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 36 இலட்சம். கோவை, திருப்பூர் இரு மாவட்டங்களைச் சேர்த்தால் அதனினும் மிகுதி! உழவர்க்கும் தொழிலாளர்க்கும் உறுதிமொழிகள் பெற்ற பின்னரே வழிவிட்டது. பெல்ஜியம் சிதறிவிடவில்லை, ஒப்பந்தமும் சாகவில்லை.

எனவே நாம் கேட்பன மூன்று. கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பவேண்டும். வணிக ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், அதனால் பாதிக்கப்படும் மாநிலத்தின் கருத்தைக் கேட்பது சட்டக் கடமையாகவேண்டும். நாட்டின் வெளியுறவு நிலைப்பாட்டால் ஒரு தொழில் முடங்கினால், அந்தத் தொழிலாளரின் கூலி இழப்பை ஒன்றியக் கருவூலம் ஈடு செய்யவேண்டும்.

ஒன்று சொல்வேன். திருப்பூரில் வேலை குறையும்போது, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு ஊசி கோக்கும் உழைப்பாளியின்மீது சிலர் சினத்தைத் திருப்பிவிடப் பார்ப்பர். அதற்கு இடம் தராதீர்! அவன் ஊரையும் கேட்டு எவரும் ஒப்பமிடவில்லை. நம் வழக்கு டில்லியில் குவிந்த அதிகாரத்தோடு. டிரங்குப் பெட்டியோடு இரயிலேறி வந்தவனோடு அன்று.

லைன் வீடுகளுக்குச் செல்லுங்கள். அக்காளிடம் கூலியைப் பற்றிப் பேசுங்கள். தம்பியிடம் பள்ளியைப் பற்றிப் பேசுங்கள். இரண்டும் ஒரே வழக்கு என்று அவர்கள் உணரும் நாளில், கேட்கப்படாத மக்கள் கேட்கத் தொடங்குவர். டில்லி பதில் சொல்லியே தீரவேண்டும்!