போகாமலே ஒரு தீவுத் திருநாள்

மே 30, கேனரி தீவுகள் தினம். ஸ்பெயினுக்குச் சொந்தம் என்றாலும் ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடலில் இருக்கிற தீவுக்கூட்டம் அது. 1983-ல் அவர்களுடைய தன்னாட்சி நாடாளுமன்றம் முதல்முறையாகக் கூடிய நாள் என்பதால் அங்கே அன்று விடுமுறை.

எனக்கும் அந்தத் தீவுகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பாஸ்போர்ட்டே இல்லை. இருந்தாலும் போன மே 30-ஐ எங்கள் வீட்டில் கொண்டாடினேன் :) சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு போட்டு, உப்பை அள்ளிக் கொட்டி, தண்ணீர் சுண்டும்வரை வேகவிட்டால் தோல் சுருங்கி உப்புப் பூத்து நிற்கும். தொட்டுக்கொள்ள பூண்டு, சீரகம், மிளகாய், வினிகர், எண்ணெய் சேர்த்து அரைத்த ‘மோஹோ’. “இது நம்ம பூண்டுச் சட்னிதானே?” என்றார் அம்மா. வறுத்த தானியத்தை அரைத்துச் செய்யும் அவர்களுடைய ‘கோஃபியோ’ மாவும் நம் சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். சாப்பிட்டபடியே யூடியூபில் லா கோமேரா தீவின் விசில் மொழியைக் கேட்டோம். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு விசிலிலேயே பேசுகிறார்கள்! 1999 முதல் அது அங்கே பள்ளிப் பாடம். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன் (காமர்ஸ் புத்தி!). என் கொண்டாட்டத்தில் தீவுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்த பணம் பூஜ்யம். உருளை உழவர் சந்தையில் வாங்கியது, மிளகாய் தெருமுனை மளிகைக்கடையில்.

அப்படியானால் நேரில் போவதுதான் மரியாதையா? அதுவும் சந்தேகம்தான். சுமார் 22 லட்சம் பேர் வாழும் இடத்துக்கு வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை, தண்ணீர் போதவில்லை என்று 2024 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

என் கருத்து இதுதான்: தூரத்திலிருந்து ரசிப்பவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம், அங்கே விளைந்ததை அதற்குரிய விலைக்கு வாங்குவது. ஸ்பெயின் பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபம். கடையில் இரண்டு வகை வாழைப்பழம் இருக்கும். கேனரியில் விளைந்து, தோலில் கரும்புள்ளியோடு இருப்பது ‘பிளாத்தனோ’. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருவது ‘பனானா’. பொதுவாக விலை குறைவு. அந்த விலை வித்தியாசத்துக்குள்தான் தீவே இருக்கிறது: துண்டு துண்டான சிறு தோட்டங்கள், தட்டுப்பாடான தண்ணீர், ஐரோப்பியக் கூலி. 2021-ல் லா பால்மாவில் எரிமலை வெடித்தபோது வாழைத்தோட்டங்கள் லாவாவுக்கு அடியில் புதைந்தே போயின. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் வாங்க ஆளில்லாத பழத்தை மானியம் வந்து சாப்பிடாது.

மே 30 அன்று பாட்டுக்கு ஆடிவிட்டு, மறுநாள் கடையில் மலிவான பழத்தை எடுத்தால் அது திருநாள் இல்லை, வேடிக்கை பார்த்தது.

என்னைப்போல வாங்க வழியே இல்லாதவர்கள்? தாராளமாக ரசிக்கலாம், தப்பில்லை. ‘ஆதரித்தேன்’ என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். நான் சாப்பிட்டேன், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?